பெட்டியில் வந்த செடி பிழைக்க

எங்கள் வீட்டுக்கு வரும் செடிப் பார்சல் ராஜபாளையத்தில்தான் இறங்கும். போன் வந்ததும் போய் வாங்கி, தென்காசி பஸ்ஸில் ஏறி, சேத்தூர் தாண்டி தேவதானம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். அப்படி முதன்முதலில் வந்தது ஓர் ஆந்தூரியம். ஆசை தாங்காமல் அன்றைக்கே பெரிய தொட்டியில் தொழுவுரம் கலந்த மண்ணில் நட்டு, இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி, முற்றத்து வெயிலில் வைத்தேன். ஐந்தாம் நாள் தண்டு துவண்டு சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால், வேரின் மேல்தோல் வெந்த பயற்றுத் தோல் மாதிரி வழுக்கி உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "வந்ததும் வராததுமா இம்புட்டும் செஞ்சா அது எப்படித் தாயி தாங்கும்? நாலு நாள் சும்மா விட்டிருக்கலாம்ல" என்றார்.

அதற்குப் பிறகு திருச்சூர் பக்கத்து மண்ணுத்தியிலிருந்தும், ஆந்திராவில் கோதாவரிக் கரைக் கடியத்திலிருந்தும், காலிம்போங்கிலிருந்தும், தாய்லாந்திலிருந்து இறக்குமதி செய்து விற்பவர்களிடமிருந்தும் செடிகள் வந்திருக்கின்றன. பயணத்திலேயே செத்து வந்தவை குறைவு. வீடு வந்த முதல் இரண்டு வாரத்தில், அதுவும் நம் கைபட்டுச் சாகிறவைதான் அதிகம். பெரியம்மா சொன்னதைத்தான் கீழே விரித்து எழுதியிருக்கிறேன்.

1. ஆர்டர் போடும் மாதத்தைப் பாருங்கள். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை வேண்டவே வேண்டாம். மூடிய வண்டிக்குள் பெட்டி வேகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் வறண்ட வீச்சாகத்தான் வந்து சேரும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு தை முடிய நல்ல காலம். ஈரப்பதமும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். காலிம்போங் மாதிரி மலையூர்ச் செடி என்றால் கார்த்திகை, மார்கழியில் மட்டும் வாங்குவேன்.

2. வார ஆரம்பத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி ஞாயிறு முழுக்க ஏதாவது ஒரு கிட்டங்கியில் கிடக்கும்.

3. பெட்டியைத் திண்ணை நிழலில் வைத்துப் பிரியுங்கள். பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொண்டால், பிறகு நஷ்டஈடு கேட்க வேண்டியிருந்தாலும் பேச்சுக்கு இடமிருக்காது. டேப்பைக் கத்தியால் ஆழமாகக் கீறாதீர்கள். குருத்து பெரும்பாலும் மூடிக்கு ஓர் அங்குலம் கீழேதான் மடங்கிக் கிடக்கும். சுற்றியிருக்கும் நியூஸ்பேப்பரை அடியிலிருந்து மேலாக உருவுங்கள். மேலிருந்து இழுத்தால் இலைக்காம்பு ஒடியும்.

4. அன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒடிந்த இலை, அழுகிய இலை இரண்டையும் நறுக்குங்கள். கலவையைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். நேர்வெயில் படாத, காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள். மஞ்சள் பூத்த இலையை அவசரப்பட்டுக் கிள்ள வேண்டாம். பழுக்கும் இலையிலிருந்து சத்தைச் செடி திரும்ப இழுத்துக்கொள்ளும். தானாகக் கழன்று விழட்டும்.

5. தொட்டியோடு வந்த செடியை உடனே மாற்றி நடாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் அதே தொட்டியில் இருக்கட்டும். வேர் அழுகல் வாடை வந்தால் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

6. மண்ணே இல்லாமல் வேர் மட்டும் வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டுச் செடியை மண்ணோடு இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. 2003-ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி ஒழுங்குமுறை ஆணைப்படி, இறக்குமதிக்கு இங்கே அனுமதிச் சீட்டும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண்ணில் புழு, பூஞ்சை, நூற்புழு எல்லாம் ஒளிந்து வரும் என்பதால் வேரைக் கழுவித்தான் அனுப்புவார்கள். கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத வேர்த்தூவிகள் அறுந்துபோகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது அந்தத் தூவிகள்தான். ஆக, வந்து சேரும் செடிக்கு இலை இருக்கிறது, வாய் இல்லை. நாம் ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க முடியாமல் வேர் அதிலேயே ஊறி அழுகுவது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் உறவுக்காரர் பெட்டிக்குள் ஒரு கிளையை ஒளித்துக்கொண்டு வருவது அன்பாக இருக்கலாம். ஆனால் அது தவறு. ஏன் என்று 13-ஆம் குறிப்பில் பாருங்கள்.

7. வெறும் வேராக வந்ததைச் சாதாரணத் தண்ணீரில் அரைமணி நேரம் நனையவிட்டு, வேரை விரலால் மெதுவாக நீவிப் பாருங்கள். விறைப்பாக வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருப்பது நல்ல வேர். கறுத்துக் கொழகொழத்து நாறுவதை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தொட்டு, ஒரு மணி நேரம் நிழலில் உலரவிட்டு நடுங்கள்.

வாங்கிய சின்னத் தொட்டிக்குள் வேரைச் சுற்றி வலைக்கூடோ துணி உறையோ இருக்கலாம். நாற்றுப் பருவத்தில் போட்டது அது. வேர் வெளியே வர முடியாமல் உள்ளேயே நெருங்கி அழுகும். செடி தேறி, முதல் மாற்று நடவு செய்யும்போது அதைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். வந்த அன்றே அதில் கை வைக்க வேண்டாம்.

8. கலவை காற்றோட்டமாக இருக்கட்டும். நம் ஊரில் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். அலசிய நார்க்கழிவு இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கரித்துண்டு ஒரு பங்கு. மண்புழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். வயல் கரிசலையும் கண்மாய் வண்டலையும் வீட்டுக்குள் வளரும் செடிக்குப் போட்டால் களிமண்ணாக இறுகிவிடும். தொட்டியும் வேருக்கு இரண்டு விரல் இடம் விட்டால் போதும். பெரிய தொட்டியில் சின்ன வேரை வைத்தால், வேர் எட்டாத பகுதி ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

மண்தொட்டி அழகுதான். தேறுகிற வரைக்கும் பிளாஸ்டிக்கே நல்லது, ஏனென்றால் ஆடிக் காற்றில் மண்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும்.

9. தண்ணீருக்குக் கிழமை வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, மேல் பாதி காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தொட்டியைத் தூக்கிப் பழகினால் விரலும் வேண்டாம், கனமே சொல்லிவிடும். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. ஊற்றி இரண்டு மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டும், கலாத்தியா இலையின் நுனி கருகும். அதனால் மழைநீரைக் கேனில் பிடித்து வைத்து, புதுச்செடிகளுக்கு மட்டும் ஊற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள். தொட்டியடித் தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கும் கேடு, டெங்கு கொசுவுக்கும் அது தொட்டில்.

10. வெளிச்சத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். "தெற்கு ஜன்னலில் வையுங்கள், வடக்கு ஜன்னல் இருட்டு" என்று சொல்லும் குறிப்பெல்லாம் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் குளிர்நாடுகளுக்கு எழுதியவை. தேவதானம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரை பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆவணி நடுவாக்கில்தான் திரும்பத் தெற்கே வரும். அந்த நாலு மாதமும் உச்சிவெயில் விழுவது வடக்குத் தாழ்வாரத்தில். கார்த்திகையில் குளுகுளுவென்று இருந்த அதே வடக்கு மூலையில் வைகாசியில் இலை கருகுவது இதனால்தான். உங்கள் வீட்டில் எந்த மாதம் எங்கே வெயில் விழுகிறது என்று தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு ஒரு வருஷம் பாருங்கள். அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

புதுச்செடியை முதல் வாரம் செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து காலை வெயிலைக் காட்டலாம்: முதலில் அரைமணி, நாலைந்து நாள் கழித்து ஒரு மணி. அதற்கு மேல் வேண்டுமானால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. வலை இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக ஜன்னலில் கட்டிவிட்டால் வெயில் வடிகட்டி வரும். அதே துணியை நாடாவாகக் கிழித்துத் தளர்ந்த தண்டைக் குச்சியோடு கட்டலாம். சணல் மாதிரி தண்டை அறுக்காது.

மேற்குப் பார்த்த சுவரும் மொட்டை மாடியும் முதல் இரண்டு மாதம் கூடவே கூடாது.

11. ஈரப்பதத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் பழையது இருந்தால் அடியை அறுத்துவிட்டு, செடிமேல் கவிழ்த்து வையுங்கள். மூடி திறந்திருந்தால் கொஞ்சம் காற்றும் போகும். உள்சுவரில் லேசாகப் பனித்தால் சரி. சொட்டுச் சொட்டாக வழிந்தால் ஈரம் அதிகம், சற்றுத் தூக்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்து நாளுக்கு ஒரு மணி, பிறகு இரண்டு மணி, பிறகு அரைநாள் என்று கேனை எடுத்து எடுத்து வைத்துப் பழக்குங்கள். வெயில் படுமிடத்தில் கேனைக் கவிழ்த்தால் செடி அவிந்துபோகும், கவனம்.

இந்த யுக்தி பழையது. லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்திலேயே வாழ்வதைக் கண்டுபிடித்து, 1833-ல் அப்படிப்பட்ட பெட்டிகளில் சிட்னிக்குக் கப்பலில் செடிகள் அனுப்பினார். மாதக்கணக்கில் பயணம் செய்தும் அவை பிழைத்தன. சீனத்துத் தேயிலைக் கன்று இந்தியாவுக்கு வந்ததும் இந்தப் பெட்டியில்தான். ஆனால் பெட்டி மட்டும் போதாது. 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்த சிங்கோனாக் கன்றுகள் செங்கடல் வெக்கையில் நொந்து, வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் ராபர்ட் கிராஸ் கொண்டுவந்து சேர்த்த சிவப்புப்பட்டைச் சிங்கோனாதான் நீலகிரியில் தழைத்தது. ஓர் அரசாங்கமே செலவு செய்து கொண்டுவந்த செடிக்கு வழியில் அந்தப் பாடு என்றால், வெயிலில் நாலு நாள் கிடந்த பெட்டியிடம் நாம் எவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறையும் ஃபேனுக்கு நேர் கீழும் வேண்டாம். இலைமேல் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பலன் இல்லை. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். இரவில் தெளித்தால் இலைப்புள்ளி நோய்தான் வரும்.

12. இலை உதிர்ந்தால் பயப்படாதீர்கள். நாலு நாள் இருட்டில், அடைத்த காற்றில் கிடந்ததற்கும், தோட்டத்து வெளிச்சத்தில் பழகிய இலை வீட்டு வெளிச்சத்துக்குப் பொருந்தாததற்கும் செடி தரும் பதில் அது. ஃபைக்கஸ் வகை பாதி இலையைக்கூடக் கொட்டும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலை முழுக்கப் போனாலும், அக்லோனிமாவுக்குத் தண்டும் இசட்.இசட். செடிக்குக் கிழங்கும் கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம்.

திசு வளர்ப்புக் கன்றாக வந்தவை இன்னும் நோஞ்சான். குப்பிக்குள் நிறைந்த ஈரத்தில் வளர்ந்ததால் அவற்றின் இலைமேல் மெழுகுப்பூச்சு மெலிசு, இலைத்துளைகள் சரியாக மூடத் தெரியாது. திசு வாழை நடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், நிழல்குடிலில் பல வாரம் பதப்படுத்தாத கன்றை வாங்கவே மாட்டார்கள். இவற்றுக்குக் கேன் குடில் ஒரு மாதமாவது வேண்டும்.

13. புதுச்செடியை 30 நாள் தனியே வையுங்கள். பழைய செடிகளிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி; முடிந்தால் வேறு அறையில். இந்த ஒரு குறிப்பை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது நம் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ தெரிந்தது. இலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக முட்டையிட்டு, தேன்போன்ற கழிவைச் சொட்டி, கீழே இருக்கிற எல்லாவற்றையும் கரும்பூசணமாக்கும் பூச்சி. இரண்டுமே இந்த நாட்டுப் பூச்சிகள் இல்லை. வெள்ளை ஈ அலங்காரச் செடிகளிலும் தங்கும். நம்மைச் சுற்றி இருப்பது தென்னந்தோப்பும் மாந்தோப்பும். ஜன்னலோரம் வைக்கிற ஒரு தொட்டிக்காக அடுத்தவர் தோப்பைப் பணயம் வைக்கக் கூடாது.

தனியே இருக்கிற நாட்களில் வாரம் இருமுறை இலையைத் திருப்பி, கைபேசி டார்ச் அடித்துப் பாருங்கள். இலைக்கணுவில் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி. மெல்லிய வலையும் தூசு போன்ற புள்ளிகளும் இருந்தால் சிவப்புச் சிலந்தி. தண்டில் நகர்த்த முடியாத பழுப்புக் கொப்புளம் செதில்பூச்சி. எறும்பு வரிசை போனால் அதன் பின்னாலேயே கண்ணை விடுங்கள். இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கத்தான் அது போகிறது.

14. பூச்சி கண்டால் முதலில் கையால் துடையுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மாவுப்பூச்சியை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். முதலில் ஓர் இலையில் வைத்துப் பார்த்து, மறுநாள் கருகாவிட்டால் மற்றதற்கும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி அடியுங்கள். ஏழு நாளைக்கு ஒருமுறையாக மூன்று தடவை. ஒரே தடவையில் முட்டைகள் சாகாது. வந்த முதல் வாரத்தில், துவண்டிருக்கும் செடிக்கு எதையும் தெளிக்க வேண்டாம்; துடைப்பதோடு நிறுத்துங்கள்.

15. உரத்துக்கு அவசரமே இல்லை. உறிஞ்ச வேரில்லாதபோது உரம் உப்பாகத்தான் நிற்கும். வந்த பிறகு விட்ட புது இலை ஒன்று முழுதாக விரிந்த பிறகு, 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து மாதம் இருமுறை ஊற்றலாம். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 10 மில்லி. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் வீட்டுக்குள் இருக்கிற தொட்டிக்கு வேண்டாம். கலவை புளித்துச் சின்னக் கொசு மாதிரி ஈ மொய்க்கும்.

16. ஆர்க்கிட் வந்தால் தொட்டியை மறந்துவிடுங்கள். பெரும்பாலான வகைகளின் வேர் காற்றில் வாழ்வது. வெள்ளியாக இருக்கும் வேர் நனைந்ததும் பச்சையாக மாறும். திரும்ப வெள்ளியானால் அடுத்த தண்ணீருக்கு நேரம் வந்துவிட்டது. இரண்டு நாள் ஊறவைத்துச் சாயம் போக்கிய தேங்காய் மட்டையில் பேண்டேஜ் நாடாவால் கட்டித் தொங்கவிட்டால் போதும். பூங்கொத்தோடு வந்திருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பூத்தண்டை வெட்டிவிடுங்கள். இருக்கிற பலமெல்லாம் வேருக்குப் போகட்டும்.

17. மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அக்லோனிமா, டைஃபன்பாக்கியா எல்லாம் சேப்பங்கிழங்கின் உறவு. இலைச்சாற்றில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. குழந்தை மென்றால் நாக்கு வீங்கும். தவழும் பிள்ளையும் ஆட்டுக்குட்டியும் எட்டாத உயரத்தில் வையுங்கள்; வெட்டியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

18. வெட்டிய கிளையையும் செத்த செடியையும் பழைய கலவையையும் சாஸ்தா கோவில் போகிற வழி ஓடையிலோ கண்மாயிலோ கொட்டாதீர்கள். உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தவைதான். மேற்கே ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது; நாம் கொட்டுவது அங்கே களையாகிவிடக் கூடாது. வெட்டியதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் மொட்டை மாடி வெயிலில் போட்டுவிட்டால் செடியும் பூச்சியும் வெந்துவிடும், பிறகு குப்பைக்கு அனுப்பலாம்.

19. ஒவ்வொரு தொட்டியிலும் தேதி எழுதுங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் பென்சிலால் எழுதினால் மழையிலும் அழியாது: வந்த நாள், கடைசி இலை உதிர்ந்த நாள், முதல் குருத்து தெரிந்த நாள். என் கலாத்தியாத் தொட்டியில் இருக்கும் குச்சி இப்படிச் சொல்கிறது: தை 5 வந்தது, ஆறு இலை. தை 20-க்குள் நாலு இலை போனது. மாசி 12-ல் நடுவில் ஊசி மாதிரி ஒரு சுருள். மாசி 23-ல் அது விரிந்தது. வந்த இலைகளில் பாதி அளவுதான், ஆனால் நுனியில் கருகல் இல்லை. அன்று சாயந்திரம்தான் கேனை எடுத்து உள்ளே வைத்தேன்.